வெறுமையாய்க் கழியும் ஆறு மாதங்கள்

குடுமியான்மலைச் சரிவில், மேலைக்கோயில் என்று வழங்கும் குடைவரைக்குப் பக்கத்தில், பாறை முகத்தைச் சமப்படுத்திக் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிற இசைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர், அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதானா, மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்ததுதானா, ஏழு பகுதிகளாக அமைந்த அந்த ஸ்வர வரிசைகளை இன்று எந்த வாத்தியத்தில் எவ்விதம் வாசித்துப் பார்ப்பது என்ற கேள்விகளோடு மலையிறங்கிவிடுகிறார்கள். என் மனமோ ஒவ்வொரு முறையும் அதன் முடிவுரையிலேயே போய் நின்றுவிடுகிறது. ருத்ராசாரியர் என்பவரிடம் பயின்ற, சிவபக்தனான ஓர் அரசன், மாணாக்கருடைய ஹிதத்தை முன்னிட்டு அந்த ஸ்வரங்களை இயற்றினான் என்று அம்முடிவுரை தெரிவிக்கிறது. ஆணையிட்டுப் பெற முடியாததைப் போதித்துப் பெறலாம் என்று கருதி, அந்தப் போதனையை மழையும் வெயிலும் எளிதில் அழிக்காத இடத்தில் எழுதிவைத்த அரசன் அவன். இவ்வூரின் பழம்பெயர் திருநலக்குன்றம் என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது. ஏனெனில் நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம், நம்முடைய நியாயஸ்தலங்கள் நாள்தோறும் உச்சரிக்கிற 'குழந்தையின் நலன்' என்னும் சொல்லையும், பிரிந்து போகிற தாய்க்கும் தந்தைக்கும் அந்த நலனைப் பேணும் விதத்தை எவரும் கற்பிக்காமல் விட்டிருக்கிற பெருங்குறையையும் பற்றியது.

விவாகரத்து கோரி வரும் தம்பதிகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பாத குழந்தை இருக்குமானால், தீர்ப்பு வழங்குவதற்கு முன் அவ்விருவரும் ஒரு குறித்த நேரம் வகுப்பில் உட்கார்ந்து, பிரிவு குழந்தையின் உள்ளத்தில் என்ன செய்யும், இரண்டு வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று கேட்டறிந்தே ஆகவேண்டும் என்னும் ஏற்பாடு இன்று உலகத்தின் பல பகுதிகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான்சன் என்னும் மாவட்டத்து நீதிமன்றம் 1978இல் தொடங்கிய வகுப்பை இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்றாகச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் யூட்டா, கனெக்டிகட் முதலிய மாநிலங்கள் அதை மாநிலம் முழுவதற்கும் கட்டாயமாக்கின. ஃபுளோரிடாவின் சட்டமோ வகுப்பு நான்கு மணி நேரத்துக்குக் குறையலாகாது என்று அளவையும் வகுத்தது. தென்கொரியா 2008இலும் டென்மார்க் 2019இலும் இதே வழியில் வந்தன; இவ்விரு நாடுகளும் வகுப்போடு மூன்று மாதக் காத்திருப்புக் காலத்தையும் இணைத்தன. அந்த இணைப்பைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். இங்கிருந்து அங்கே பிழைக்கப் போனவர்களும், போய்த் தங்கி அந்நாட்டுக் குடிகளாகவே ஆகிவிட்டவர்களும் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு உறவினர். தமிழை ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக ஏற்றுக்கொண்ட அந்த நாட்டில், 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் என்னும் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதல், குழந்தைகளையுடைய தம்பதிகள் பிரிவின் நிபந்தனைகளில் உடன்பாடு காணாத நிலையில், பெற்றோருக்கான கட்டாயப் பயிற்சியை முடித்துக்கொண்டுதான் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்யலாம் என்ற விதி ஏற்பட்டது. பயிற்சி என்று சொன்னாலும் அது ஆலோசகர் ஒருவரோடு சுமார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதுதான். வீடு என்னாகும், பணத்துக்கு வழி என்ன, குழந்தை யாரிடம் இருக்கும், மற்றவர் எப்போது பார்க்கலாம், பள்ளிக்கூடத்துக்கு யார் போவது என்று ஒவ்வொன்றையும் குழந்தையின் கண்ணால் பார்க்கச் சொல்லுவதே அந்தப் பேச்சின் சாரம். 2024 ஜூலையில் புதிய திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தபோது, எல்லாவற்றிலும் இணங்கிப் பிரிகிறவர்களுக்கும் இது கட்டாயமாயிற்று. இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது; ஏனெனில் வக்கீல் முன்னிலையில் இணங்கிக் கையெழுத்திடுகிற இருவர், பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவன்று யார் முன்வரிசையில் உட்காருவது என்ற விஷயத்தில் இணங்கியே இருப்பார்கள் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை. இஸ்லாமியருக்கு அங்கே ஷரியா நீதிமன்றமும் அதற்கென்று தனி ஆலோசனை முறையும் உண்டு.

நம் கிராமங்களில் பிரிவு என்பது சட்டம் வந்த பிறகு புகுந்த புதுமை என்று நினைக்கிறவர்கள் கிராமத்தை அறியாதவர்கள். பல ஜாதிகளில் தீர்த்துவிடுவது, அத்துவிடுவது என்று பழகிய முறைகள் நெடுங்காலமாக இருந்துவந்தன. பின்னால் எழுந்த 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம்கூட, வழக்காற்றின்படி கிடைக்கும் அத்தகைய விவாகரத்துக்களைத் தன் 29ஆம் பிரிவில் காப்பாற்றியே வைத்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது; மறு ஆண்டே அம்மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து இந்துக்களுக்கு விவாகரத்தை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. ஆகவே சட்டரீதியான பிரிவு, இந்தியா முழுமைக்கும் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே நமக்கு வாய்த்துவிட்ட ஒன்று. பஞ்சாயத்துத் திண்ணையில் என்ன பேசினார்கள் என்பதை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: பாத்திரம் பண்டம், போட்ட நகை, மாடு கன்று, கலியாணச் செலவு இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்காகி முடிந்த பின்பு, இருட்டுகிற வேளையில், "பிள்ளைய யாரு வச்சிக்கிறது?" என்ற கேள்வி கடைசியாக எழும், பால்குடி மறக்கும் வரைக்கும் ஆத்தாளிடம், பிறகு அப்பன் வீட்டில் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, கூட்டம் கலையும். அந்த முறையில் தயவு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாய்மாமன் வீடு என்னும் ஒரு நிழல் அந்தக் குழந்தைக்கு எப்போதும் இருந்தது. ஆனால் குழந்தை பண்டங்களின் ஜாபிதாவில் கடைசி இனமாகத்தான் இருந்தது. இன்று நீதிமன்றத்துக்கு வரும் மனுக்களிலும் ஜீவனாம்சத்துக்கும் நகைக்கும் பிறகுதான் அதன் முறை பெரும்பாலும் வருகிறது.

இக்காலத்தில் குடுமியான்மலையிலோ அண்ணாபண்ணையிலோ இலுப்பூரிலோ ஒரு குடும்பத்தில் மனஸ்தாபம் முற்றினால், ஊர்ப் பெரியவர்களுக்கு அடுத்தபடி அவர்கள் ஏறுகிற படி அனைத்து மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னையில் முதலாவது நிலையம் தொடங்கியது முதல் தமிழ்நாட்டுப் பெண்கள் அறிந்த வாசல் அது. அங்கே ஒரு சமாதானப் பேச்சு நடக்கும். அதற்குப் பின் வழக்கு, வாய்தா, கவுன்சலிங், சமரச மையம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்வதைக்கூட ஓர் உரிமையாக விடாமல், வழக்கின் தொடக்கத்திலேயே சமாதானத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்று விதித்தது. ஆலோசகர்களை நியமிக்கச் சொன்னது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் என்று பெயர் பெற்றது. இவையெல்லாம் பெருமைக்குரிய ஏற்பாடுகள். என்றாலும், பிரிய வந்தவர்களிடம் இத்தனை வாசல்களிலும் முதலில் பேசப்படுவது ஒன்றே: சேர்ந்து வாழுங்கள் என்பது. இஸ்லாமியரல்லாத மலேசியத் தமிழருக்கும் இதுவே விதி; அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், வழக்காடிப் பிரிய நினைப்பவர்கள் முதலில் ஒரு சமரசக் குழுவிடம் போகவேண்டும் என்கிறது. சேர்த்து வைப்பது புண்ணியமான காரியந்தான். சேர மறுத்துவிட்டவர்களின் கதி என்ன? அவர்களிடம் ஆலோசகர் பேச வேண்டிய வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நம் முறையிலோ பெரும்பாலும் அந்த இடத்தில் 'சமரசம் தோல்வி' என்று எழுதிக் கட்டு நீதிபதிக்குத் திரும்பிப் போய்விடுகிறது.

1976இல் இந்து விவாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13பி என்னும் பிரிவு, மனமொத்துப் பிரிகிறவர்கள் முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடியும் வந்து தங்கள் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றது. கோபம் ஆறட்டும், புத்தி தெளியட்டும் என்பதே அதன் நோக்கம். மீண்டும் சேர்வதற்கு வழியே இல்லையென்று தெளிவானால், ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு முதலியவை தீர்ந்துவிட்டிருந்தால், நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இந்த ஆறு மாதத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டாகிறது. தென்கொரியாவில் குழந்தையுள்ள தம்பதிகளுக்கு மூன்று மாதக் காத்திருப்பு. அந்த மூன்று மாதத்தை அவர்கள் பெற்றோருக்கான போதனையோடு பிணைத்து, பிள்ளை வளர்ப்பைப் பற்றிய ஓர் உடன்படிக்கையை எழுதிக்கொண்டு வந்தால்தான் மேலே நடக்கும் என்று வைத்தார்கள். நாம் அதைப்போல் இரு மடங்கு காலத்தைக் கொடுத்தோம். அந்தக் காலத்துக்குள் எதையும் இட்டு நிரப்பவில்லை. நிரப்பாமல் விட்டதனால்தான் அது வீணான காலமாகத் தோன்றி, தள்ளுபடி கேட்கத்தக்க ஒன்றாக ஆகிவிட்டது என்பது என் துணிவு.

குழந்தை யாரிடம் என்பதைப் பற்றிய நம் சட்டம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளராக வர விரும்புவோரின் குணம் ஆகியவற்றோடு, விவரமறிந்த குழந்தையின் விருப்பத்தையும் கவனிக்கலாம் என்றது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்று எழுதிவிட்டு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் மேலானது குழந்தையின் நலன் என்றும் சேர்த்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளுமல்ல, விளையாட்டுப் பொருள்களுமல்ல என்னும் கருத்தை நிலைநாட்டியது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில், 'அவருக்குப் பின்' என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று விளக்கமாயிற்று. 2015இல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 257ஆம் அறிக்கையில், கூட்டுப் பொறுப்பு, சமரசம், பெற்றோர் இருவரும் எழுதிக்கொள்ள வேண்டிய வளர்ப்புத் திட்டம், தாத்தா பாட்டிமாருக்குரிய நேரம் என்று பலவற்றை விரித்துரைத்தது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் சட்டத்தின் கேள்வி 'யாருக்குச் சொந்தம்' என்பதிலிருந்து 'எது நல்லது' என்பதற்கு வந்திருக்கிறது. ஆனால் இத்தனை தீர்ப்புகளும் நீதிபதிக்குச் சொல்லப்பட்டவை. மனைவியை நீங்கிய ஒரு பெயிண்டருக்கோ, கணவனை நீங்கிய ஒரு பள்ளிக்கூட ஆயாவுக்கோ அவற்றை எடுத்துச் சொல்லியவர் யார்?

வகுப்பினால் பயனுண்டா என்று கேட்பது நியாயமே. கலிஃபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டைன் 1971இல் தொடங்கி அறுபது குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, பிரிவின் வடு நெடுநாள் நிற்கிறது என்று எழுதினார். 1991இல் பால் அமேட்டோ, 92 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சேர்ந்து வாழ்வோரின் குழந்தைகளுக்கும் பிரிந்தோரின் குழந்தைகளுக்கும் வேற்றுமை உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியதே என்று கண்டார். பிரிவைக் காட்டிலும், பிரிவுக்கு முன்னும் பின்னும் ஓயாது நடக்கும் சண்டை குழந்தையை அதிகம் சிதைக்கிறது என்பதே இத்தகைய ஆராய்ச்சிகளில் மீண்டும் மீண்டும் வந்த முடிவு. சண்டையைத் தணிக்கப் போதனைக்கு வல்லமை உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது: வர்ஜீனியாவில் ராபர்ட் எமரி, குழந்தைக்காக வழக்காட வந்த குடும்பங்களில் சிலவற்றைச் சீட்டுப்போட்டாற்போல் சமரசத்துக்கு அனுப்பினார்; சராசரி ஐந்து மணி நேரம் பேசிய அந்தக் குடும்பங்களில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும், வேறு வீட்டில் வாழ்ந்த தகப்பனோ தாயோ குழந்தையோடு மிகுதியான தொடர்பு வைத்திருந்தார். அரிசோனாவில் 240 குடும்பங்களைக் கொண்ட ஓர் ஆய்வில் தாய்மாருக்கு வாரந்தோறும் நடத்திய நெடும் பயிற்சியின் நற்பலன் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்பும் அவர்களுடைய பிள்ளைகளிடம் தென்பட்டது. நான்கு மணி நேரத்தோடு முடிகிற வகுப்புகளுக்கு இத்தனை ஆழமான பலனை எதிர்பார்க்கலாகாது. பெற்றோருக்குள் இணக்கம் ஓரளவு கூடுகிறது என்று 2011இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கண்டது. ஓரளவு என்றாலும் அது ஒரு குழந்தையின் பல இரவுகளுக்குச் சமம் என்று நான் எண்ணுகிறேன்.

ஒரு நீதிமன்றத் தாழ்வாரத்தில், உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போய் ஒரு பகல் முழுவதும் காத்திருந்த நாளை மறக்க முடியவில்லை. புத்தகப் பையோடு ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், தாய் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் தகப்பன் நின்றிருந்த தூணுக்கும் நடுவே, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மற்றவர் வருந்துவார் என்பதை அறிந்தவனாக, தரையில் கால் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஆத்தாள் மெதுவாக, "ஒங்கப்பன்கிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு போ" என்றாள். அவன் போகவில்லை. தகப்பனோடு வந்திருந்த அப்பத்தா எழுந்து வந்து அவனைத் தழுவிக்கொண்டு, "அங்கிட்டு ஒழுங்கா சோறு போடுறாகளா? யாராரு வந்துட்டுப் போறாக?" என்று கேட்டாள். இரண்டு பேரும் அன்பினால்தான் பேசினார்கள். அன்புள்ளவர்கள் தாமறியாமல் செய்கிற இந்த இரண்டு காரியங்களும், அதாவது பிள்ளையைத் தூதனாக்குவதும் ஒற்றனாக்குவதும், எந்த நாட்டு வகுப்பிலும் முதல் பாடத்திலேயே விலக்கப்படுபவை.

அப்படிப்பட்ட வகுப்பில் வேறென்ன சொல்லுவார்கள்? சிறு குழந்தை படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அது பிடிவாதமன்று, பயம் என்பார்கள். ஆறேழு வயதுப் பிள்ளை, தான் செய்த ஏதோ குறும்பினால்தான் அப்பா போய்விட்டார் என்று உள்ளுக்குள் நம்பும். உன்னால் அல்ல என்பதைப் பலமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பார்கள். பதின்மூன்று வயதுக்காரி ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்கத்தோடு பேசாதிருப்பாள்; அதை வெற்றியாகக் கொண்டாடாதீர்கள் என்பார்கள். வருகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வராமல் போவது, வந்து சண்டையிடுவதைவிடக் கொடியது என்பார்கள். ஜீவனாம்சம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காக ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் இரண்டு வேறு கணக்குகளைக் கலப்பது என்றும், அந்தக் கலப்பில் நஷ்டமடைவது குழந்தையே என்றும் விளக்குவார்கள். இவற்றில் ஒன்றும் சாஸ்திர ரகசியமல்ல. ஆனாலும், அவமானமும் ஆத்திரமும் நிறைந்திருக்கிற வேளையில் எவருக்கும் இவை தாமாகத் தோன்றா.

இவ்வேற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நட்டுவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்நாட்டு வகுப்புகள் தாய், தந்தை, குழந்தை என்ற மூவரை மனத்தில் கொண்டவை. குடுமியான்மலையில் பிள்ளை வளர்வது அப்பத்தாவின் மடியிலும் அம்மாச்சியின் அடுப்படியிலும்; பெற்றவர்கள் வாயடக்கம் கற்றுக்கொண்டாலும், "ஒன் ஆத்தா விட்டுட்டுப் போனவதானே" என்னும் சொல் திண்ணையிலிருந்து வந்து விழும். ஆதலால் இங்கே வகுப்பறையில் பாட்டிக்கும் தாய்மாமனுக்கும் ஆசனம் வேண்டும். தகப்பன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருந்தால், வாரம் ஒருமுறை கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதற்கும் ஒரு முறைமை எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று மிக முக்கியமானது. அடியும் உதையும் பட்டு வெளியேறிய பெண்ணை, அடித்தவனோடு ஒரே அறையில் உட்காரவைத்து இணக்கத்தைப் பற்றிப் போதிப்பது பெருங்கொடுமை. அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றில் இருவரையும் வெவ்வேறு நாட்களில் வரச்சொல்லுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கோரியிருப்பவர்களுக்குத் தனி வகுப்போ முழு விலக்கோ இல்லாமல் எந்த விதியும் எழுதப்படலாகாது.

கட்டாயப்படுத்திக் கற்பிப்பது கல்வியாகுமா என்ற ஆட்சேபத்தைக் கேட்டிருக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையார், மணமுடிக்க வரும் இளைஞரும் பெண்ணும் தயாரிப்புப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்து ஆவூரைப் போன்ற பழைய பங்குகளின் மக்கள் அதைக் கொடுமையென்று கருதுவதில்லை. கூடுவதற்கு முன் கற்பிக்கலாமென்றால், பிரிவதற்கு முன் கற்பிப்பதில் குற்றமென்ன?

புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சமூகநல ஸ்தாபனங்களை நீதிமன்றத்தோடு இணைத்துக்கொள்ள இடந்தருகிறது. 6ஆம் பிரிவு ஆலோசகர்களைத் தருகிறது. 12ஆம் பிரிவு, குடும்ப நலத்தில் ஈடுபட்ட நிபுணரின் உதவியை, கூடுமானால் ஒரு பெண்ணின் உதவியை, நாடச் சொல்லுகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் கிராமங்களுக்கே போய் முகாம் நடத்திப் பழகியவை. முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்தில் இரண்டு மணி நேரம், வக்கீல்களின் தமிழில் அல்லாமல் வீட்டுத் தமிழில், தாய்க்கு ஒரு நாளும் தகப்பனுக்கு ஒரு நாளுமாக ஒதுக்கினால் போதும். ஆனால் குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் தாய் அன்றைக்குக் களையெடுக்கப் போகமுடியாது. வயலில் அவளுக்குக் கிடைக்கவேண்டிய கூலியையும், போகவர பஸ் செலவையும், இடுப்பில் வருகிற குழந்தையை அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் யார் தருவது என்பதை முதல் பத்தியில் எழுதிக்கொண்டுதான் அந்த விதியின் மற்றப் பத்திகளை எழுத உட்கார வேண்டும்.